எட்டுச் சாவி வீடும் எக்ஸ்ரேக்காரரும்

“அந்தச் சீரியலை ‘நல்லா இருக்கு’ன்னு என் வாயால சொல்ல வைக்கிறதுக்கு ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும். பொறந்தாலும் அவனுக்குப் பேச்சு வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்.”

இந்தப் பிரகடனம் வெளியான இடம் ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த எக்ஸ்ரே அறை. முன்னிலை வகித்தவர், விலாவில் அடிபட்டு வந்திருந்த ஒரு லாரி டிரைவர். அவருடைய அபிப்பிராயம் பதிவாகவில்லை. சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டவைத்து, தாடையைத் தூக்கி, தோளை முன்னால் தள்ளி, மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதன் கலை விஷயத்தில் தலையிட முடியாது. எக்ஸ்ரேக்காரரின் கருத்துகள் பெரும்பாலும் இப்படி ஏகமனதாகவே நிறைவேறிவந்தன.

இருபத்தெட்டு வருடமாகத் தினமும் ஐம்பது பேரிடம் “மூச்ச இழுங்க… பிடிங்க… விடுங்க” என்று சொல்லிவந்ததால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ‘மூச்சைப்பிடி சார்’ என்று பெயர். விமர்சனம் சூடுபிடித்துவிட்டால் ‘பிடிங்க’வுக்கும் ‘விடுங்க’வுக்கும் நடுவில் நோயாளி நீலம் பாரித்துவிடுகிறார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொறாமைக்காரர்கள் கிளப்பிவிட்டது. யாரும் நீலம் பாரிக்கவில்லை. ஒரே ஒருவர் லேசாகச் சிவந்தார், அவ்வளவுதான்.

சினிமாவும் டிவியும் மனித எலும்புக்கு இழைத்துவரும் அநீதிகளை எதிர்த்து அவர் தனியாளாகப் போராடிக்கொண்டிருந்தார். தோளில் குண்டு பாய்ந்தவன் அடுத்த பாட்டிலேயே அதே கையால் கதாநாயகியைத் தூக்குகிறான். தோள்பட்டை என்ன, கதவுக் கீலா? ஆறு மாதம் நினைவில்லாமல் கிடந்தவன் கண் விழிக்கும்போது தலை வாரியிருக்கிறது. வாரிவிட்டது யார்? அந்த நர்ஸ் எங்கே? அவளை ஏன் ஒரு காட்சியில்கூடக் காட்டவில்லை? இப்படிக் கேட்டுக்கொண்டே போவார். ஆனால் இவையெல்லாம் சில்லறைக் குற்றங்கள். மன்னிக்கவே முடியாத குற்றம் ஒன்று இருந்தது.

நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஒரு முறை உண்டு. எதிரில் ஓர் ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய இடது, நமக்கு வலது. ஆகவே இதயத்தின் நிழல் பார்க்கிறவருக்கு வலப்பக்கம் சாய்ந்து தெரியவேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை. உலகத்தில் உள்ள அத்தனை எக்ஸ்ரே அறைகளும் ஒத்துக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான்.

‘எட்டுச் சாவி வீடு’ என்ற தொலைக்காட்சித் தொடர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், தொடங்கிய முதல் வாரத்திலேயே, அந்த வீட்டின் கடைசி மகனான டாக்டர் ஓர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, “கடவுளே!” என்றார். எக்ஸ்ரேக்காரரும் அதையேதான் சொன்னார். டாக்டர் அதைத் திருப்பிப் பிடித்திருந்தார். அன்றைக்கே தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு கடிதம் போனது: ‘ஐயா, உங்கள் நோயாளிக்கு இதயம் வலதுபக்கம் இருக்கிறது, அல்லது உங்கள் டாக்டருக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டில் எது என்று தெரிவிக்கவும்.’ பதில் வரவில்லை. மேலும் பத்துக் கடிதங்கள் போயின. பதினொன்றாவது கடிதத்தில் ‘அன்புள்ள’வைக்கூட எடுத்துவிட்டார். அப்போதும் பதில் வரவில்லை.

அன்றுமுதல் இரவு ஏழு மணி ஆனால் அவர் தம் நாற்காலியைத் தூக்கி, டிவிக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

“நாடே பாக்குது மூச்சைப்பிடி சார்,” என்பார் பக்கத்து அறையில் ரத்தம் எடுப்பவர். டீ நேரத்தில் இவரைச் சீண்டாவிட்டால் அவருக்கு டீ இறங்காது.

“நாடே பாக்குதுன்னா நாட்டுக்குத்தான் ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்.”

“அப்ப எதுதான் சார் நல்ல படம்?”

இந்தக் கேள்விக்காகவே அவர் காலையில் எழுந்து வேலைக்கு வருகிறாரோ என்று சந்தேகம் வரும். “பதினோராம் கவுன்டர்” என்பார், கண்ணை மூடிக்கொண்டு. ஒரு மனிதர் ஒரு படிவத்தில் முத்திரை வாங்குவதற்காக, மூடியிருக்கும் பதினோராம் கவுன்டர் முன்னால் நிற்கிறார். இரண்டரை மணி நேரம் நிற்கிறார். கவுன்டர் திறக்கிறது. உள்ளே இருப்பவர் பன்னிரண்டாம் கவுன்டருக்குப் போகச் சொல்கிறார். படம் முடிந்தது. நாலு நாள் ஓடிய அந்தப் படத்தை அவர் ஐந்து தடவை பார்த்தார். கடைசிக் காட்சியில் தியேட்டரில் இருந்தவர்கள் ஏழு பேர்; அவர்களில் மூவர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்.

“அதுல அந்த ஆளுக்குக் கால் வலிக்கும் பாருங்க. வலது கால்லேர்ந்து இடது காலுக்கு எடையை மாத்துவான். வலிக்குதுன்னு வசனமே கிடையாது. இடுப்பெலும்பு நடிச்சிருக்கும்யா!”

“எனக்கு அதைக் கேக்கும்போதே கால் வலிக்குது,” என்று ரத்தம் எடுப்பவர் எழுந்துபோவார்.

வெளியில் இப்படி. வீட்டில் எதிர்க்கட்சி இன்னும் பலமானது. மாமியார் கூடவே இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் ஊராரின் பேச்சை இணைத்துவிட்டு ஓய்வுபெற்றவர். குரலைக் கேட்டே ஆளின் எடையைச் சொல்லிவிடுவார். ‘எட்டுச் சாவி வீடு’ தொடங்கிய நாள்முதல் ஓர் எபிசோடு விட்டவரில்லை. மனைவி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மத்தியானம் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவார். ஆக, தினமும் ஏழு மணிக்கு நடந்த அந்தப் போரில் சமாதானம் செய்துவைக்க ஆளில்லை. போர் என்றாலும் மரியாதை ஒரு சொட்டுக் குறையாது.

“மாப்பிள்ளை, சத்தம் உங்களுக்கு இடைஞ்சலா இருக்கா?”

“இடைஞ்சல் சத்தத்துல இல்லைங்க அத்தை.”

“அப்ப சரி.” சத்தம் இரண்டு புள்ளி கூடும்.

சுவரைப் பார்த்தபடியே மாப்பிள்ளை ஏதாவது சொல்வார். அத்தை ஒரு நாள் ஒரே போடாகப் போட்டார்: “ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேவப் பாத்துட்டு என்னன்னு கேட்டா, ‘டாக்டர் சொல்லுவாரு’ன்னு வாயை மூடிக்கிறீங்க. இங்க மட்டும் பாக்காததப் பத்தி எப்படி மாப்பிள்ளை இவ்வளவு பேச வருது?”

“பால் கெட்டுப்போச்சுன்னு சொல்ல முழுக் குடத்தையும் குடிச்சாத்தான் ஆகுமா அத்தை?”

“ஒன்பது வருஷமா மோந்துகிட்டேதான இருக்கீங்க,” என்றார் அத்தை.

இந்த நிலைமையில்தான் அத்தையின் கண்ணில் திரை விழுந்தது.

அத்தைக்குச் செல்லுபடியானது ஒரு கண்தான். மற்றது பத்து வருடத்துக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டது; பகலா ராத்திரியா என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. மிச்சமிருந்த கண்ணிலும் ஒரு காலையில் ஓரத்திலிருந்து கறுப்பாக ஏதோ இறங்க, ஓடினார்கள். விழித்திரை கழன்றிருந்தது. ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருப்பதாகக் கண் டாக்டரம்மா சொன்னார்.

“குமிழி மேல மிதக்கும். நீங்க குப்புறக் கிடந்தாத்தான் அது பின்னால போய் விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். பதினாலு நாள். சாப்பிட, குளிக்க எந்திரிச்சாலும் முகம் தரையைத்தான் பாக்கணும். நிமிர்ந்தீங்கன்னா குமிழி நகர்ந்துடும், திரை மறுபடி கழண்டுடும். கழண்டா இந்தப் பார்வை திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது.”

அத்தை ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். “டிவி?”

“கேக்கலாம். பாக்கக் கூடாது.”

அத்தை பெருமூச்சு விட்டார். காரணம் இருந்தது. ஒன்பது வருடம், இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் எபிசோடு ஓடிய ‘எட்டுச் சாவி வீடு’ முடியப்போவதாக அறிவித்திருந்தார்கள். இன்னும் இரண்டே வாரம். பத்து எபிசோடு. அதே பதினாலு நாள்.

மனிதர்களைப் படுக்கவைத்து, புரட்டி, அசையாமல் நிறுத்துவதில் எக்ஸ்ரேக்காரருக்கு நிகர் அவரே. காலை ஷிப்ட்டுக்கு மாறிக்கொண்டு, ஹாலில் கட்டிலைப் போட்டார். நெற்றிக்கு ஒரு தலையணை, நெஞ்சுக்கு ஒன்று, நடுவில் முகம் புதைய ஒரு பள்ளம், கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. மூக்கு எங்கும் அழுந்தாமல், கழுத்து இழுக்காமல், கச்சிதம்.

“நிமிர்ந்து படுத்தப்பகூட நான் இவ்வளவு வசதியாப் படுத்ததில்ல மாப்பிள்ளை,” என்று தரையைப் பார்த்து அத்தை சொன்னார்.

முதல் நாள் ஏழு மணி. தொடரின் பாட்டு முடிந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல் சுவரைப் பார்த்து அமர்ந்து பேப்பரை விரித்தார். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரியவந்தது. ‘எட்டுச் சாவி வீட்’டில் யாரும் அதிகம் பேசுவதில்லை. பார்ப்பார்கள். ஒருவர் பார்த்தால் ஓர் இடி. பார்க்கப்பட்டவர் திரும்பிப் பார்த்தால் இன்னோர் இடி. மூன்றாவதாக ஒருவர் கதவோரத்திலிருந்து இருவரையும் பார்த்தால் இடியோடு புல்லாங்குழலும் சேரும். காதால் மட்டும் கேட்டால் மழைக்காலத்தில் அடுத்த ஊர்க் கச்சேரி கேட்பதுபோல் இருக்கும்.

“யாரு மாப்பிள்ளை வந்திருக்கா?”

“தெரியல அத்தை. நான் பேப்பர் படிக்கிறேன்.”

இடி. தலையணைப் பள்ளத்திலிருந்து அத்தையின் தலை ஓர் அங்குலம் எழும்பியது. பேப்பர் பறந்தது. “தலை! அத்தை, தலை!”

“வேணும்னு தூக்கல மாப்பிள்ளை. இடி இடிச்சா அது பாட்டுக்கு எந்திரிக்குது. ஒன்பது வருஷப் பழக்கம்.”

“டிவியை நிறுத்திடறேன்.”

“நிறுத்துங்க. நான் எந்திரிச்சு உக்காந்து சுவத்தப் பாக்கறேன். நீங்க பாக்கலையா?”

அத்தை சொன்னால் செய்வார். எக்ஸ்ரேக்காரர் நாற்காலியைப் பிடித்தார். இரும்புக்கால் தரையில் கிறீச்சிட, ஒன்பது வருடக் கொள்கை நூற்றெண்பது டிகிரி திரும்பியது. ஆனால் ஆட்சேபணையைப் பதிவுசெய்துவிட்டே உட்கார்ந்தார். “நான் பாக்கல அத்தை. உங்களுக்குச் சொல்றதுக்காகக் கண்ணை அந்தப் பக்கம் வெச்சிருக்கேன்.”

“எந்தக் கண்ணையோ வைங்க. யாரு வந்திருக்கா?”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “பெண். வயசு நாப்பதுக்கு மேல. நிக்கிற நிலை. தலை லேசா சாஞ்சிருக்கு. வெளிக்காயம் எதுவும் இல்ல.”

“மாப்பிள்ளை, நான் ரிப்போர்ட் கேக்கல. கதை கேட்டேன்.”

கதையை அத்தைதான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பெரிய வீடு. எட்டு அறை, எட்டுச் சாவி. கொத்து மாமியாரின் இடுப்பில். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் ஒரு சாவி காணாமல் போக, மாமியார் மூத்த மருமகளைத் திருடி என்றாள். சாவி மறுநாள் கிடைத்துவிட்டது. மருமகள் அன்றிலிருந்து மாமியாரோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒன்பது வருடம், ஒரு வார்த்தை கிடையாது. மாமியாரின் தம்பி ஒருவன் சாவிக்கொத்தைச் சுருட்டக் காத்திருக்கிறான். ஹாலின் இடது பக்கம் சாவி அலமாரி. வலது பக்கம் சோபா.

“இதுக்கு ஒன்பது வருஷமா? ‘மன்னிச்சுக்கோ’ன்னு ஒரு வார்த்தை சொன்னா முதல் வாரத்துலயே முடிஞ்சிருக்குமே!”

“அந்த வார்த்தை அவ்வளவு சுளுவா வருமா மாப்பிள்ளை? உங்களுக்கு வந்திருக்கா?”

நாலாவது நாள் விபரீதம் நேர்ந்தது. ராத்திரி நேரக் காட்சி. ஹாலில் இருவர் மட்டும். எக்ஸ்ரேக்காரர் தமது பாணியில் அறிவித்தார்: “தம்பிக்காரன் இருக்கான். இடது பக்கம். மூத்தவ வலது பக்கம்.”

“இடதா? நல்லாப் பாத்தீங்களா?”

“எனக்கா இடது வலது சொல்லித் தரீங்க? இடதுதான். கையை நீட்டறான்.”

“ஐயோ, சாவி!” என்று அத்தை எழுந்தே உட்கார்ந்துவிட்டார். முகம் முழுக்க நிமிர்ந்து, கட்டுப்போட்ட கண் திரையை நோக்கித் திரும்பியது. மாப்பிள்ளை பாய்ந்து பிடித்து, குனியவைத்து, தலையணையில் பொருத்தி முடிப்பதற்குள் அரை நிமிடம் போய்விட்டது.

திரையில் சாவி பத்திரமாக இருந்தது. தம்பிக்காரன் வலதுபக்கச் சோபாவில் உட்கார்ந்து தண்ணீர்ச் சொம்புக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான். அலமாரி அருகே நின்றவள் மூத்தவள்.

“இடதுன்னு சொன்னீங்களே!” என்றார் அத்தை, தலையணைக்குள்ளிருந்து.

“இடதுதான் அத்தை. அவனுக்கு இடது. எதிர்ல நிக்கிற ஆளோட இடதைத்தான் இடதுன்னு சொல்லணும். எந்த ஆஸ்பத்திரியில வேணும்னாலும் கேளுங்க.”

“நான் ஆஸ்பத்திரியில இல்ல மாப்பிள்ளை! ஹால்ல இருக்கேன்!”

இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஒரு நாளும் இடது வலது மாற்றியதில்லை. அன்றும் மாற்றவில்லை. அதுதான் பிரச்சினை.

மறுநாள் காலை கண் டாக்டரம்மா விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “ஓரத்துல லேசா விலகியிருக்கு. இப்போதைக்குத் தாங்கும். இன்னொரு தடவை நிமிர்ந்தா அவ்வளவுதான்” என்றார். வராந்தாவில் நின்றிருந்த மனைவி கணவரை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“தப்பு என் மேல இல்ல,” என்று இவர் முந்திக்கொண்டார். “தொழில் முறைப்படி…”

“தொழில் முறைப்படி வாயில பிளாஸ்திரி ஒட்ட எனக்கும் தெரியும். ஏங்க, எங்கம்மாவுக்கு இருக்கிறது ஒரே ஒரு கண்ணு. அவங்களே பாக்கிற மாதிரி நீங்க சொல்லணும். இல்லைன்னா அவங்களே பாத்துடுவாங்க. புரியுதா?”

புரிந்தது. ஆனாலும் மனிதர் முறைத்துக்கொண்டுதான் போனார். கீழ்த்தளத்தில் அன்று வந்த முதல் முழங்காலிடம், “சீரியல் குப்பைதான். அதுல மாற்றமில்ல,” என்று தெளிவுபடுத்திவிட்டே வேலையைத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம் இரண்டு காகிதத் துண்டுகளை வெட்டி, ஒன்றில் ‘இடது’ என்றும் மற்றதில் ‘வலது’ என்றும் எழுதி, டிவியின் இரு ஓரத்திலும் ஒட்டினார். பார்க்கிறவரின் இடது, பார்க்கிறவரின் வலது. ஒட்டும்போது விரல் மக்கர் பண்ணியது. ஓர் எக்ஸ்ரேக்காரன் தன் கையாலேயே பக்கத்தை மாற்றி எழுத்து ஒட்டுவது என்றால் சும்மாவா? சக ஊழியர் யாராவது அந்த நேரத்தில் உள்ளே வந்திருந்தால் இவர் நகரத்தை விட்டே போயிருப்பார்.

அதற்குப் பிறகு விவரிப்பு தேறியது. ஆனால் வாய் அடங்கவில்லை. “மாமியார் இடது பக்கத்து அறையிலேர்ந்து வர்றா. இடி வரப்போகுது, தலையைத் தூக்காதீங்க, சும்மா இடிதான். யாரும் சாகல. டாக்டர் மகன் வர்றான். கழுத்துல ஸ்டெதாஸ்கோப்பு, ஒன்பது வருஷமா அதைக் கழட்டல, குளிக்கும்போதும் அதோடதான் குளிப்பான்போல. இப்ப மூத்தவ…”

“மூத்தவ?”

“நிக்கிறா. மாமியார் இவளைத் தாண்டிப் போறா. இவ…” சற்று நிறுத்தினார். “இவ நிஜமா மூச்சை நிறுத்தறா அத்தை.”

“என்ன மாப்பிள்ளை?”

“கழுத்தெலும்பு மேல போச்சு, போனது போனபடி நிக்குது. நடிக்கிறவங்க வாயை மூடிக்கிட்டு மூக்கால விட்டுக்கிட்டிருப்பாங்க, எனக்குத் தெரியாதா? இவ விடல. மாமியார் சேலை இவ கையில உரசிட்டுப் போற வரைக்கும் விடல. இப்ப விட்டுட்டா.” பிறகு அவசரமாகச் சொன்னார்: “குருடன் கல்லெறியறான்னு வைங்க. ஒண்ணு ரெண்டு படும்.”

அத்தை தலையணைக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டார். “உங்க கவுன்டர் படத்துல அந்த ஆளு எவ்வளவு நேரம் நின்னான் மாப்பிள்ளை?”

“ரெண்டரை மணி நேரம்.”

“எங்க மூத்தவ ஒன்பது வருஷமா நிக்கிறா. கோவம்னா அது இருக்கிற வரைக்கும் இருக்கணும். உங்க படத்துல இடைவேளை விட்டு, வெளிய போயி டீ குடிச்சிட்டு வந்து மிச்சக் கோவத்தப் படறாங்க. எனக்கு அது ஆகாது. எக்ஸ்சேஞ்சுல என் பக்கத்துச் சீட்டுக்காரி பன்னெண்டு வருஷம் என்கூடப் பேசல. தினமும் தோளும் தோளும் இடிக்கும். அதை எந்தப் படத்துல ரெண்டரை மணி நேரத்துல காட்டுவீங்க?”

எக்ஸ்ரேக்காரர் எழுந்தார். தலையணை சரியில்லை என்று சொல்லி அதைக் கொஞ்ச நேரம் சரிசெய்தார். தலையணை சரியாகத்தான் இருந்தது.

கீழ்த்தளத்தில் அவருடைய எதிர்ப்பு இன்னும் உக்கிரமாயிற்று. “அந்தத் தம்பிக்காரன் இருக்கானே, நேத்து பின்வாசல் வழியா சாவிக்கு அச்சு எடுத்திருக்கான். என்ன அபத்தம்! சோப்புக் கட்டியில எடுத்தா அச்சு நிக்குமா? மூத்தவ அதைப் பாத்துட்டா. ஆனா சொல்ல முடியாது, ஏன்னா மாமியார்கூடப் பேசறதில்ல. என்ன செய்வா பாவம். படு குப்பை.”

ரத்தம் எடுப்பவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “சார், இவ்வளவும் எப்படித் தெரியும்?”

“எனக்கென்ன தெரியும்? நான் பாக்கல. எங்க அத்தைக்குச் சொன்னேன்.”

“இன்னிக்கு என்ன ஆகும் சார்?”

“அதை யார் கண்டா? சோப்பு இப்ப மூத்தவ கையிலதான் இருக்கு.” சொல்லிவிட்டு விறைப்பாக எழுந்துபோனார்.

பத்தாவது எபிசோடு வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, விலகிய ஓரம் ஒட்டிக்கொண்டுவருகிறது, இன்னும் இரண்டு நாள் தலை தாழ்ந்தே இருந்தால் கண் தப்பிவிடும் என்றார். மத்தியானம் கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். இடி மட்டும்தான் இல்லை.

“கடைசி எபிசோடு அம்மாவுக்கு. இன்னிக்குத் தூக்கிட்டாங்கன்னா…”

“தெரியும் தெரியும். நீ போ.”

ஏழு மணி. அத்தை பள்ளத்தில் முகம் புதைத்துத் தயாராக இருந்தார். மாப்பிள்ளை நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். “முடிவு எப்படியும் சொதப்புவான் அத்தை. எல்லாரையும் வரிசையா நிக்கவெச்சுப் போட்டோ எடுப்பான். இப்பவே சொல்லி வெச்சுடறேன்.”

“சரி மாப்பிள்ளை. இப்ப யாரு?”

“வீட்டை வித்தாச்சு. தம்பிக்காரனைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சு. டாக்டர் மகன் போயாச்சு, ஸ்டெதாஸ்கோப்போட. வண்டி வெளிய நிக்குது. ஹால் காலி. இடது பக்கம் அலமாரி மட்டும் இருக்கு. மாமியார் தனியா நிக்கிறா. பூட்டிட்டுக் கிளம்பணும். இடுப்புலேர்ந்து சாவிக்கொத்தை எடுக்கிறா. விழுந்துடுச்சு.”

“கேட்டுச்சு. எங்க விழுந்துச்சு?”

“அலமாரிக்கு அடியில. உள்ள போயிடுச்சு. இவளால குனிய முடியல. முழங்கால். இது நிஜ முழங்கால் அத்தை, தேஞ்சுபோன முழங்கால், நடிப்பு இல்ல. அலமாரியப் பிடிச்சுக்கிட்டு இறங்கப் பாக்கறா. வலது பக்கம் வாசல்ல மூத்தவ வந்துட்டா. கையில பெட்டி. பாக்கறா.”

அத்தையின் விரல்கள் மெத்தை விரிப்பைப் பிடித்தன.

“பெட்டிய கீழ வெச்சுட்டா. நடந்து வர்றா. ஒண்ணும் பேசல. மண்டி போடறா. மாமியாரும் எப்படியோ தரையில உக்காந்துட்டா. ரெண்டு பேரும் சேந்து குனியறாங்க… அடியில கைய விட்டுத் தேடறாங்க… தலையும் தலையும் ‘டொக்’னு…”

அதோடு நிறுத்திவிட்டார்.

திரையில் இடி இல்லை. புல்லாங்குழல் இல்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக இசைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்போல. தரையில் இரண்டு பெண்கள் மூக்குக்கு மூக்கு நேராக இருந்தார்கள். கிழவி தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, என்ன செய்கிறோம் என்று நினைக்காமலே, அதே கையை நீட்டி மற்றவளின் நெற்றியையும் தேய்த்துவிட்டாள். பாதியில் அவளுக்கே உறைத்தது. கை அப்படியே நின்றது. மூத்தவள் அதைத் தள்ளவில்லை. அவளுடைய உதட்டோரம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

ஹாலில் சத்தமே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு டிவி போய்விட்டதா, மின்சாரம் போய்விட்டதா, மாப்பிள்ளை போய்விட்டாரா என்று விளங்கவில்லை.

“மாப்பிள்ளை?”

பதில் இல்லை.

“என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?”

தலை அரை அங்குலம் மேலே வந்தது. எக்ஸ்ரேக்காரரின் கை தானாகவே நீண்டு அத்தையின் பின்னந்தலையில் லேசாக உட்கார்ந்தது. கண் திரையிலிருந்து நகரவில்லை.

“பேசாதீங்க அத்தை,” என்றார், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. “நல்லா இருக்கு.”

கைக்கு அடியில் தலை அசையாமல் நின்றது. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, பள்ளத்துக்குள் இறங்கியது. அத்தை அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லவில்லை.